வண்டியின் உயரம் தெரிந்த வழிகாட்டி: இரண்டு கோடைகள் ஓடிய பிறகு

உள்ளேயே தங்கிப் பயணம் செய்யும் வீட்டு வண்டியான எங்கள் ஆர்.வி.யின் உயரம் 10 அடி 10 அங்குலம் என்று விற்பனைக் கையேட்டில் அச்சிட்டிருந்தார்கள். வாங்கிய முதல் வாரமே கணவர் ஏணியைப் பிடித்துக்கொள்ள, நான் கூரைக்கு ஏறினேன். ஏ.சி.யின் உச்சியில் நீளமான பலகை ஒன்றைக் கிடத்தி, அதன் முனையிலிருந்து தரைவரை அளவு நாடாவை இறக்கினேன். 11 அடி 5 அங்குலம். கையேட்டுக்கும் கூரைக்கும் இடையே இருந்த அந்த 7 அங்குலம்தான், ஆர்.வி.க்கென்றே தயாரிக்கப்பட்ட இந்த 7 அங்குலத் திரை வழிகாட்டிக் கருவியை எங்களை வாங்க வைத்தது.

வண்டி ஓட்டுவது அவர்; வழி சொல்வது நான். எனவே இது பக்கத்து இருக்கையில் அமர்ந்து இரண்டு கோடைகள் கருவியைப் பார்த்துக்கொண்டே வந்தவளின் மதிப்பீடு.

உயரம், நீளம், அகலம், எடை, சமையல் வாயுவான புரொப்பேன் உருளை உண்டா இல்லையா என்று முதல் நாளே கேட்டுவிடுகிறது. நான் உயரத்தை 11 அடி 8 அங்குலம் என்று கொடுத்தேன். பாலத்தின் அடியில் சாலையை மறுபடி தாரிட்டால் பலகையில் எழுதியிருப்பதைவிட இடைவெளி குறைந்துபோகும். 3 அங்குலமாவது கையில் இருக்கட்டும் என்று நினைத்தேன். நீளம் 31 அடி.

இந்த விவரங்களுக்கு அது கொடுக்கும் மதிப்பு உண்மையானது. அமெரிக்காவில் மொன்டானா மாநிலத்தின் பனிப்பாறை (கிளேசியர்) தேசியப் பூங்காவில் 'கோயிங் டு த சன்' சாலையின் மலைப்பகுதியில் 21 அடிக்கு மேல் நீளமான வண்டிகளுக்கு அனுமதி இல்லை. கைப்பேசி வரைபடம் எங்களை நேரே அதற்குள் இட்டுச் செல்லப் பார்த்தது. அதைப் பொறுத்தவரை நாங்கள் ஒரு கார். கருவி பூங்காவின் தெற்கு விளிம்பில் ஓடும் யு.எஸ். 2 நெடுஞ்சாலை வழியாகச் சுற்றிக் கொண்டுபோனது. வயோமிங்கில் பிக்ஹார்ன் மலையைக் கடக்க 14, 14ஏ, 16 என்று மூன்று சாலைகள் உண்டு. 14ஏ சாலையில் 10 சதவீதச் சரிவுகள் இருக்கின்றன. கருவி 16-ஐத் தேர்ந்தெடுத்தது. அந்த இறக்கத்திலேயே தாழ்ந்த கியரில் எஞ்சின் உறுமியபடி வந்ததைக் கேட்டபோது, 14ஏ-யில் பிரேக்கின் கதி என்னவாகியிருக்கும் என்று எண்ணி என் உள்ளங்கை வியர்த்தது.

ஆனால் நான் கருவியை முழுமனதாக நம்பத் தொடங்கியது பால்டிமோரில். அங்குள்ள இரண்டு துறைமுகச் சுரங்கப்பாதைகளிலும் எங்கள் அளவு புரொப்பேன் உருளையுடன் நுழையக் கூடாது. முன்பெல்லாம் ஆர்.வி.க்காரர்கள் ஐ-695 சாலையில் கீ பாலத்தின் மேலேறிப் போவார்கள். 2024 மார்ச் 26 அன்று சரக்குக் கப்பல் மோதி அந்தப் பாலம் விழுந்துவிட்டது. எங்களுக்கு முன்னால் பயணம் செய்த நண்பர் எழுதித் தந்த குறிப்பில் பாலத்தில் போகும்படியே இருந்தது. கருவியோ, ஐ-695-இன் மேற்குப் பக்கமாக நகரை வளைத்துச் சுற்றிவந்தது. முந்தைய இரவு வரைபடத்தைப் புதுப்பித்திருந்தேன். அந்தப் புதுப்பிப்பு ஒன்றரை மணி நேரம் எடுத்துக்கொண்டது, நடுவில் ஒருமுறை அறுந்தும் போனது; ஆர்.வி.கள் இரவு தங்கும் முகாமின் வை-ஃபை சரியில்லாத ஊரில் இதை முயலவே வேண்டாம்.

சாலை விஷயத்தில் இவ்வளவு கவனமான கருவி, எரிபொருள் என்று வந்தவுடன் கண்ணை மூடிக்கொள்கிறது. முன்னால் வரும் நிலையங்களை மைல் கணக்குடன் வரிசையாகக் காட்டுகிறது, அவ்வளவுதான். 31 அடி வண்டி அங்கே நுழைய முடியுமா, நுழைந்தால் வெளியே வர முடியுமா என்பது பற்றி ஒரு சொல்லும் இல்லை.

சென்ற ஜூனில் இந்தக் குறைக்கு நாங்கள் விலை கொடுத்தோம். கருவி காட்டிய ஒரு சிறு நிலையத்தில் பெட்ரோல் போட்டுக்கொண்டு, கடை வாசலில் நின்ற கார்களைத் தவிர்க்க அவர் வலப்பக்கம் ஒடித்துத் திருப்பினார். எங்கள் வண்டியில் பின்சக்கரத்துக்குப் பின்னால் பத்தடிக்கு மேல் உடம்பு நீட்டிக்கொண்டிருக்கிறது. முன்பக்கம் வலப்புறம் போனால் அந்த வால் இடப்புறம் வீசும். பெட்ரோல் ஊற்றும் வாயும் இடப்பக்கம்தான் என்பதால் பம்பைக் காக்க நட்டிருந்த மஞ்சள் இரும்புத் தூண் அங்கேயே நின்றது. பின்பக்கச் சாமான் அறையின் கதவு மடங்கிய சத்தம் கடைக்குள்ளிருந்தவர்களையே வெளியே வரவழைத்தது. யாருக்கும் காயமில்லை. ஆனால் அவர் அன்று மாலைவரை பேசவில்லை. வழி சொன்னவள் நான் என்பதால், எனக்கும் பேச வாய் வரவில்லை.

அதிலிருந்து ஒவ்வொரு நிலையத்தையும் முதல்நாள் இரவே செயற்கைக்கோள் படத்தில் பார்க்கிறேன். முதலில் பம்புகள் கடையின் முன்சுவருக்கு இணையாக நிற்கின்றனவா என்று பார்ப்பேன். இணையாக இருந்தால் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் நேரே போய்விடலாம். கடையை நோக்கிய வரிசைகளாக இருந்தால், போட்டு முடித்தவுடன் வண்டியின் மூக்கு கடை வாசலில் நிற்கும். அங்கே ஒடித்துத்தான் ஆகவேண்டும். அதன்பின் சாலையைத் தொடும் வாய் எத்தனை என்று எண்ணுவேன். ஒரே வாய் என்றால் அந்த நிலையமே வேண்டாம். மேற்கூரையின் உயரம் மேலிருந்து எடுத்த படத்தில் தெரியாது. அதற்குத் தெருமட்டப் படத்தில் கூரை விளிம்பில் எழுதியிருக்கும் எண்ணைத் தேடுவேன். எழுதாத இடத்துக்குப் போவதில்லை.

இவ்வளவும் செய்ய நேரமில்லாத நாளில், நெடுஞ்சாலையோரத்துப் பெரிய லாரி நிறுத்தங்களில் ஆர்.வி.க்கெனத் தனித் தடம் இருக்கும் கிளையாகப் பார்த்துப் போய்விடுவோம். எல்லாக் கிளையிலும் அது இருக்காது. இருக்கும் இடத்தில் பெட்ரோலும் டீசலும் ஒரே தடத்தில் கிடைக்கும். பல இடங்களில் புரொப்பேன் நிரப்பவும் கழிவுநீர் இறக்கவும் வசதி உண்டு. டீசல் வண்டிக்காரர்கள் லாரிப் பக்கத்துக்கே போகலாம், ஆனால் அங்குள்ள குழல்கள் தடிமனானவை, வேகமாகப் பாய்பவை. சில வண்டிகளின் வாயில் நுழையாது. எங்கள் தொட்டி 55 கேலன் (ஒரு கேலன் ஏறத்தாழ 3.8 லிட்டர்) பிடிக்கும். அட்டையைத் தேய்த்துப் போடும்போது ஒரு தொகைக்கு மேல் பம்ப் தானாக நின்றுவிடும். அது பழுதில்லை, மறுபடி தேய்த்தால் மிச்சத்தையும் போடலாம்.

நிலையம் இல்லாத தூரத்தைச் சொல்வதில் மட்டும் கருவிக்கு நன்றி சொல்லவேண்டும். யூட்டாவில் ஐ-70 சாலையில் கிரீன் ரிவரிலிருந்து சலைனாவரை ஏறத்தாழ 110 மைல்களுக்கு ஒரு பம்பும் கிடையாது. நாங்கள் கிரீன் ரிவரை நெருங்கியபோது தொட்டி பாதிக்குச் சற்றுக் கீழே இருந்தது. சமவெளியில் கேலனுக்கு 8 மைல் ஓடும் வண்டி, மலையேற்றத்தில் எதிர்க்காற்றும் சேர்ந்தால் 6-க்கு இறங்கும். 25 கேலனுக்கு 150 மைல் என்று கணக்கு தேறத்தான் செய்கிறது. ஆனால் தொட்டி கால்பங்குக்குக் கீழே போனால், அதிலிருந்தே பெட்ரோல் எடுத்து ஏ.சி.யை ஓட்டும் ஜெனரேட்டர் நின்றுவிடும். வழியில் வண்டி பழுதானால், அந்த வெயிலில் ஏ.சி. இல்லாமல் கிடக்கவேண்டும். திரையில் அடுத்த நிலையம் நூறு மைலுக்கு அப்பால் என்று வந்ததைப் பார்த்து அவரைக் கிரீன் ரிவரில் திருப்பச் சொன்னேன். நிரப்பிக்கொண்டுதான் சான் ரஃபேல் மலை மடிப்புகளில் ஏறினோம். அந்தச் சிவந்த பாறைகளை நான் எரிபொருள் முள்ளைப் பார்க்காமல் ரசித்தேன்.

இன்னொரு குறை: போய்ச்சேரும் நேரத்தை அது காரின் வேகத்தில் கணக்கிடுகிறது. நாங்கள் மணிக்கு 60 மைலுக்கு மேல் போவதில்லை. திரை ஐந்து மணி என்றால், முகாமுக்கு ஆறரை என்று சொல்லிவைக்கிறேன்.

வேன் அளவு வண்டி வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கருவி தேவைப்படாது. 25 அடிக்கு மேலென்றால் வாங்குங்கள், ஆனால் அதில் எதையும் பதிவதற்கு முன்னால் ஏணியை எடுத்து உங்கள் கூரையை நீங்களே அளந்துவிடுங்கள்.