அய்யா பந்தோபஸ்துல இருக்காங்க

தப்பு என்னுடையதுதான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரிலிருந்து மூன்று வார விடுப்பில் ஊருக்குப் போயிருந்தேன். அப்பா வாங்கிப் போட்ட மனையை விற்கும் வேலை. நகல் எடுத்துவிட்டு வரும் வழியில், மூலப்பத்திரம் இருந்த மஞ்சப்பையை டவுன் பஸ்ஸிலேயே விட்டுவிட்டு இறங்கிவிட்டேன். நடத்துநர், டிப்போ, பஸ் ஸ்டாண்ட் எல்லா இடத்திலும் கேட்டாயிற்று. பை போனது போனதுதான்.

பத்திர எழுத்தர் பதறவில்லை. "நகல் ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கிடைச்சிரும் தம்பி. ஆனா ஒரிஜினல் இல்லேன்னா ஸ்டேஷன்ல 'நான்-டிரேசபிள்' சர்டிபிகேட் வாங்கிட்டு வரணும்" என்றார். பத்திரத்தைத் தேடியும் கிடைக்கவில்லை என்று காவல்துறை தரும் சான்றுக்கு அந்தப் பெயர்.

சித்தப்பா, வார்டு கவுன்சிலரைக் கூட்டிக்கொண்டு போகலாம் என்றார். நான் வீம்பாகத் தனியே போனேன்.

உள்ளே நுழைந்ததும் எனக்கு ஆச்சரியம். இருபத்தைந்து வருடத்துக்கு முன்பு சைக்கிள் திருட்டுக்குப் புகார் கொடுக்க அப்பாவோடு போனபோது வராந்தாவில் இரண்டு மணி நேரம் நின்றோம். இப்போது வாசலிலேயே ஒரு மேசை. ஒரு பெண் காவலர் "உட்காருங்க சார்" என்று சொல்லிப் பெயரும் கைப்பேசி எண்ணும் குறித்துக்கொண்டார். மூலைக்கு மூலை கேமரா. எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா வேண்டும் என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது நினைவுக்கு வந்தது. ஒரு மணி நேரத்துக்குள், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கணினியில் அடித்துக் கையில் இருந்தது. தொலைந்துபோனதற்கு எஃப்.ஐ.ஆர். கிடையாது, சி.எஸ்.ஆர்.தான். ஒரு டீக்குக்கூட யாரும் காசு கேட்கவில்லை. சித்தப்பாவுக்கு உடனே போன் போட்டுப் பெருமை அடித்துக்கொண்டேன்.

அவசரப்பட்டுவிட்டேன்.

ஓட்டுநர் உரிமமோ மதிப்பெண் சான்றிதழோ தொலைந்தால் காவல்துறையின் இணையதளத்தில் நாமே பதிவுசெய்து ரசீது எடுத்துக்கொள்ளலாம். நிலப் பத்திரம் அப்படி இல்லை. அதை எங்காவது அடகு வைத்துவிட்டுத் தொலைந்துவிட்டது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அதனால் நாளிதழில் விளம்பரம் கொடுத்து, யாரும் ஆட்சேபிக்கிறார்களா என்று பார்த்து, விசாரித்து, கடைசியில் இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட வேண்டும். இதெல்லாம் நியாயம்தான். விளம்பரம் கொடுத்தேன், காத்திருந்தேன், ஆட்சேபணை ஒன்றும் வரவில்லை. மிச்சம் இருந்தது விசாரணையும் கையெழுத்தும்.

"அய்யா பந்தோபஸ்துல இருக்காங்க சார்." முதல் நாள் பக்கத்து ஊரில் கும்பாபிஷேகம். அடுத்த நாள் அமைச்சர் வருகை. அப்புறம் ஒரு கட்சிப் பொதுக்கூட்டம். நடுவில் ஒரு நாள் கோர்ட். ஒவ்வொரு முறையும் அதே பெண் காவலர், அதே மரியாதை, அதே நாற்காலி. நாற்காலி இருந்ததால் கோபப்படவும் கூச்சமாக இருந்தது.

நான்காவது முறை போனபோது ஓர் ஏட்டையாவிடம் பேச்சுக் கொடுத்தேன். ஓய்வுபெற இன்னும் கொஞ்ச காலம்தான் என்பதால் தயங்காமல் பேசினார். "ஸ்டேஷன்ல பாதிப் பேர் இன்னிக்கு வெளியூர் டூட்டி. ரைட்டர் இருக்கார், கம்ப்யூட்டர் பாக்குற பொண்ணு இருக்கு, நான் இருக்கேன். உங்க பேப்பரை யார் விசாரிப்பாங்க சொல்லுங்க?" காவலர்களுக்கு வார விடுமுறை என்று 2021-ல் அரசாணை வந்ததே என்றேன். சிரித்தார். "ஜி.ஓ. இருக்கு சார்."

வெளியே டீக்கடையில் ஒருவர் என் முகத்தைப் பார்த்தே விஷயத்தைக் கண்டுபிடித்துவிட்டார். ஒரு தொகையைச் சொல்லி, நாளைக்கே வாங்கித் தருகிறேன் என்றார். உள்ளே யாரும் கேட்காத பணத்தை வெளியே ஒருவர் கேட்கிறார். அதில் எவ்வளவு உள்ளே போகும், போகுமா போகாதா என்பது அவருக்கே வெளிச்சம். ஆனால் இன்ஸ்பெக்டரின் நேரத்துக்கு இவ்வளவு தட்டுப்பாடு இல்லையென்றால் இந்த டீக்கடை ஆளுக்கு அங்கே பிழைப்பே இல்லை.

ஒன்பதாம் நாள் இன்ஸ்பெக்டருக்கு மாறுதல் வந்துவிட்டது. வந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது என்றார்கள்.

அன்று இரவு தூக்கம் வராமல் பழைய தீர்ப்பு ஒன்றைத் தேடிப் படித்தேன். உத்தரப் பிரதேசத்தில் டி.ஜி.பி.யாக இருந்த பிரகாஷ் சிங் 1996-ல் தொடுத்த வழக்கு. 2006 செப்டம்பரில் தீர்ப்பு. உச்ச நீதிமன்றம் தந்த ஏழு உத்தரவுகளில் இரண்டு என் மஞ்சப்பைக்கென்றே எழுதியதுபோல் இருந்தன. காவல் நிலையப் பொறுப்பு அதிகாரிக்குக் குறைந்தது இரண்டு ஆண்டு பதவிக்காலம் வேண்டும் என்பது ஒன்று. விசாரணைப் பிரிவையும் சட்டம் ஒழுங்குப் பிரிவையும் தனித்தனியாகப் பிரிக்க வேண்டும் என்பது இன்னொன்று. அதையும் முதலில் பத்து லட்சம் மக்களுக்கு மேல் உள்ள நகரங்களில் தொடங்கி, பிறகு சிறிய ஊர்களுக்குக் கொண்டுபோகச் சொன்னது. எங்கள் ஊர் முறை வருவதற்குள் என் பேரன் மனை விற்க வருவான்.

தமிழ்நாடு 2013-ல் காவல் சீர்திருத்தச் சட்டம் என்று ஒன்றை நிறைவேற்றியது. காவல்துறையினர் மீதான புகார்களை விசாரிக்கும் ஆணையத்துக்கு ஓய்வுபெற்ற நீதிபதிகள் தலைமை தாங்க வேண்டும் என்று தீர்ப்பு சொல்ல, இந்தச் சட்டமோ மாநிலத்தில் உள்துறைச் செயலரையும் மாவட்டத்தில் கலெக்டரையும் உட்கார வைத்தது. என் விஷயத்துக்கு அது நேரடியாகத் தொடர்பில்லை, ஆனாலும் எரிச்சலாக இருந்தது. மேசை போடுவது, கேமரா மாட்டுவது, கணினி வைப்பது எல்லாம் நடந்திருக்கிறது. நான் பார்த்தேன், நன்றாகவே இருக்கிறது. யார் எத்தனை நாள் ஒரு நாற்காலியில் இருப்பார், அவரை யார் எங்கே அனுப்பலாம் என்பதில்தான் கை வைக்க மாட்டேன் என்கிறார்கள். மாற்றும் அதிகாரத்தை யார்தான் விட்டுக்கொடுப்பார்கள்?

புது இன்ஸ்பெக்டரை, நான் விமானம் ஏறுவதற்கு முந்தைய நாள் இரவு பத்து மணிக்குத்தான் பிடிக்க முடிந்தது. காலையிலிருந்து சீருடை மாற்றாத முகம். நேரங்கெட்ட நேரத்தில் வந்ததற்கு அவருக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. கோப்பைப் புரட்டிவிட்டு, அதுவரை யாரும் கேட்காததைக் கேட்டார்.

"பேங்க்ல லோன் ஏதாவது இருக்கா? வில்லங்கம் போட்டுப் பாத்தீங்களா?"

போட்டிருந்தேன், கொடுத்தேன்.

"கூடப் பிறந்தவங்க எத்தனை பேர்? அவங்களுக்குத் தெரியுமா?"

அக்காவுக்கு அங்கிருந்தே போன் போட்டுப் பேசினார். பஸ் எண், இறங்கிய இடம், நேரம் எல்லாம் கேட்டு வாக்குமூலம் எழுதி வாங்கினார். கடிகாரத்தைப் பார்த்தேன், இருபது நிமிடம் ஆகியிருந்தது. "டிப்போவுல ஒரு தடவை என் ஆளை அனுப்பி விசாரிச்சுட்டுத்தான் போடுவேன். இல்லேன்னா நாளைக்கு நான்தான் கோர்ட்ல நிக்கணும்" என்றார். மறுத்துப் பேச எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

நான் சிங்கப்பூர் திரும்பிய ஏழாம் நாள் சான்று தயாரானது. மச்சான் போய் வாங்கி, வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினார். அப்பாவின் இனிஷியல் உட்பட எல்லாம் சரியாக இருந்தது. பதிவு அடுத்த விடுப்பில்தான்.