பூனைகளுக்கான ‘சிறுநீரகச் சொட்டு மருந்து’: நான் ஏமாந்த விதம் பற்றி ஓர் எச்சரிக்கை

வயதான பூனையைச் சிறுநீரக நோயோடு வீட்டில் வைத்துப் பராமரித்து வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பழுதான சிறுநீரகத்தை மூன்று மாதத்தில் மீண்டும் வளரச் செய்யும் என்று சொல்லி இணையத்தில் விற்கப்படும் ஒரு மூலிகைச் சொட்டு மருந்தை நம்பி, பதினான்கு வயதான என் பூனை மல்லியை இழக்கும் நிலைக்குக் கொண்டுபோனேன். செலவழிந்த பணத்தைப் பற்றி நான் பெரிதாகப் பேசப் போவதில்லை. ஆய்வகம் கொடுத்த உண்மையான எண்களையே காட்டி என்னை எப்படி நம்பவைத்தார்கள் என்பதைத்தான் விளக்கமாகச் சொல்ல வேண்டும். அந்த வலையில் விழுவது மிக எளிது. கவனமாகப் பராமரிக்கிறவர்களும், எண்களைக் குறித்து வைத்துக்கொள்கிறவர்களும்தான் அதில் முதலில் விழுவார்கள்.

மல்லிக்கு நோய் தெரியவந்தபோது அவள் இரண்டு நாள்களாக எதுவும் உண்ணாமல் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். இரத்தப் பரிசோதனையில், சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் 4.1 என்று வந்தது. சிறுநீரகம் பழுதானால் ஏறும் எண் அது. மூன்று நாள் மருத்துவமனையில் வைத்து நரம்பு வழியாகத் திரவம் ஏற்றி அனுப்பினார்கள். வீட்டில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் 100 மில்லி ரிங்கர் லாக்டேட் திரவத்தைத் தோலுக்கடியில் ஏற்ற வேண்டும். சிறுநீரக நோய்க்கான உணவைக் கொடுக்க வேண்டும். உணவிலுள்ள பாஸ்பரஸைக் குடலிலேயே பிடித்து வெளியேற்றும் பொடியை ஒவ்வொரு வேளை உணவிலும் கலக்க வேண்டும். இரண்டு வாரம் கழித்து மறுபரிசோதனைக்கு வர வேண்டும். கால்நடை மருத்துவர் சொன்னவை இவ்வளவுதான். “இப்போது வந்திருக்கும் எண்ணை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள் அம்மா, உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது எடுத்த எண் இது” என்றும் சேர்த்துச் சொன்னார். அந்தக் கடைசி வாக்கியத்தை நான் மனத்தில் இருத்தவில்லை.

வீட்டில் ஊசி போடுவது முதல் வாரத்தில் பெரும் சோதனையாக இருந்தது. திரவப் பையை வெந்நீரில் வைத்து, மணிக்கட்டின் உட்புறத்தில் ஒற்றிப் பார்த்து, இரு தோள்பட்டைகளுக்கு நடுவே தோலைக் கூடாரம்போலத் தூக்கி அதற்குள் ஊசியைச் செலுத்த வேண்டும். கை நடுங்கினால் ஊசி மறுபக்கத்துத் தோலைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்து, திரவம் முழுவதும் முடியை நனைத்து ஒழுகும். ஒரு நாள் அப்படி ஒழுகியபோது, மல்லி நனைந்த முதுகோடு கட்டிலுக்கடியில் போய் ஒளிந்துகொண்டாள். அன்று இரவுதான் “ஊசி இல்லாமல், வலி இல்லாமல், சிறுநீரகம் புத்துயிர் பெறும்” என்ற விளம்பரம் என் கண்ணில் பட்டது. சோர்ந்துபோயிருந்த நான் மூன்று மாதத்துக்கான குப்பிகளை அப்போதே வாங்கிவிட்டேன்.

குப்பி வந்ததும் கவனித்திருக்க வேண்டிய குறைகள் அதன் மேலேயே இருந்தன. எந்த மூலிகை எவ்வளவு என்ற அளவு எங்கும் இல்லை. ‘சிறப்புக் கலவை’ என்று மட்டும் அச்சிட்டிருந்தார்கள். கூடவே ஒரு ‘சிறுநீரகப் பத்திய’த் தாளும் இருந்தது. எலும்பைப் பூண்டோடு வேகவைத்து அந்தச் சாற்றைத் தினமும் கொடுக்கச் சொல்லியது அது. பூண்டும் வெங்காயமும் பூனையின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைப்பவை. சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் ஹார்மோனைச் சுரப்பதும் சிறுநீரகம்தான் என்பதால், இந்த நோயுள்ள பூனைகளுக்கு இரத்தசோகை ஏற்கெனவே எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். பூண்டு ஆகாது என்பது எனக்கு முன்பே தெரிந்திருந்ததால் அந்தத் தாளைத் தூக்கிப் போட்டேன். இதையே சரியாகத் தெரிந்து வைத்திராதவர்களின் மருந்தை மட்டும் ஏன் நம்பினேன் என்று பின்னால் பல இரவுகள் யோசித்திருக்கிறேன்.

மருந்தோடு ‘இலவச ஆலோசகர்’ ஒருவரையும் ஒதுக்கித் தந்தார்கள். கனிவாகப் பேசினார்; நள்ளிரவிலும் பதில் அனுப்பினார்; மல்லியின் பெயரை நினைவில் வைத்து விசாரித்தார். நீங்கள் கால்நடை மருத்துவரா என்று நான் இரண்டு முறை கேட்டேன். இரண்டு முறையும் தனக்கு இந்தத் துறையில் நீண்ட அனுபவம் உண்டு என்ற பதில்தான் வந்தது. இந்த மருந்தைப் பற்றி மருத்துவரிடம் சொல்ல வேண்டாம் என்றும், சொன்னால் அவர் தன் வருமானத்துக்காகத் தடுப்பார் என்றும் அவர் சொன்னபோதே நான் விலகியிருக்க வேண்டும். உங்கள் பூனைக்கு மருத்துவம் பார்க்கிறவரிடம் எதையாவது மறைக்கச் சொல்கிற எவரிடமும் அதற்கு மேல் ஒரு வார்த்தைகூடப் பேசாதீர்கள்.

முதல் மாத முடிவில் பரிசோதனை செய்தோம். இரண்டு வாரத்தில் செய்ய வேண்டியதை நான் தள்ளிப்போட்டிருந்தேன். மருத்துவரைச் சந்திக்காமல் இரத்த மாதிரியைக் கொடுத்து முடிவை மட்டும் வாங்கி வந்தேன். கிரியேட்டினின் 3.2. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. ஆலோசகர் வாழ்த்துச் சொல்லி, மல்லியின் படம் ஒன்றைக் கேட்டார். சன்னலோரத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் படத்தை அனுப்பினேன். உண்மையில் அந்த எண்ணை இறக்கியது மருத்துவமனையில் ஏற்றிய திரவமும், வீட்டில் நான் நடுங்கும் கையோடு போட்டுவந்த ஊசியும்தான். நீர் வற்றிய உடம்பில் சிறுநீரகத்துக்குப் போகும் இரத்த ஓட்டம் குறைந்து கிரியேட்டினின் கூடுதலாக ஏறி நிற்கும். நீர்ச்சத்து சேர்ந்ததும் அந்தக் கூடுதல் தானாக இறங்கும். சொட்டு மருந்தே கொடுக்காமல் இருந்திருந்தாலும் அது இறங்கித்தான் இருக்கும். இவர்களுடைய வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் என்னைப்போலவே, பூனை மருத்துவமனையிலிருந்து திரும்பிய சூட்டில் குப்பியை வாங்குகிறவர்களாகத்தான் இருக்க வேண்டும். எனவே முதல் பரிசோதனை அனேகமாக எப்போதும் நல்ல சேதியாகவே அமையும்.

அந்த நல்ல சேதியை வைத்துத்தான் அடுத்த அடியை எடுத்து வைத்தார்கள். சிறுநீரகம் “தானே வேலை செய்யப் பழக வேண்டும்” என்று சொல்லித் திரவத்தை வாரம் ஒரு முறையாகக் குறைக்கச் சொன்னார்கள். பாஸ்பரஸைக் கட்டும் பொடி மூலிகையின் சக்தியை உடம்பில் சேரவிடாது என்று சொல்லி அதை அடியோடு நிறுத்தச் சொன்னார்கள். சொட்டுகளை ஈர உணவில் கலந்துவிடும்படியும் சொன்னார்கள். அந்தத் திரவம் கடுங்கசப்பு. மல்லி கிண்ணத்தின் அருகே வருவாள், முகர்வாள், பிறகு கழிவை மண்ணால் மூடுவதுபோலத் தரையை முன்னங்காலால் கிண்ணத்தை நோக்கிப் பிறாண்டிவிட்டுப் போய்விடுவாள். சில நாள்களில், சொட்டு கலக்காத அதே உணவைக்கூட அவள் தொட மறுத்தாள். ஓர் உணவோடு குமட்டலையோ கசப்பையோ சேர்த்து நினைவில் வைத்துக்கொண்ட பூனையை மறுபடி அந்த உணவுக்குத் திருப்புவது எவ்வளவு கடினம் என்பது, சிறுநீரக உணவுக்குப் பழக்க வாரக்கணக்கில் பாடுபட்டவர்களுக்குத் தெரியும்.

இரண்டரை மாதம் ஆனபோது மறுபடி பரிசோதனை செய்யச் சொன்னார்கள். கிரியேட்டினின் ஒன்றே போதும், மற்றவை வீண்செலவு என்றார் ஆலோசகர். 2.7 என்று வந்தது. பூனைகளின் சிறுநீரக நோயை நிலைகளாகப் பிரிக்கும் ஐரிஸ் அட்டவணையில், 1.6 முதல் 2.8 வரை இரண்டாம் நிலை, 2.9 முதல் 5.0 வரை மூன்றாம் நிலை, அதற்கு மேல் நான்காம் நிலை. அந்த அட்டவணையை அவரே எனக்கு அனுப்பி, “மூன்றாம் நிலையிலிருந்து இரண்டாம் நிலைக்கு வந்துவிட்டாள் பாருங்கள் அம்மா” என்று எழுதினார். அட்டவணையும் பொய்யில்லை, எண்ணும் பொய்யில்லை. அந்த எண் ஏன் இறங்கியது என்பதில்தான் மோசடி முழுவதும் அடங்கியிருந்தது.

அடுத்த இரண்டு வாரத்தில் ஒரு காலைப்பொழுது, மல்லி தண்ணீர்க் கிண்ணத்தின் முன் நின்றிருந்தாள். தலை தொங்கி, தாடை மார்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. என்னைப் பார்க்கத் தலையை நிமிர்த்த முயன்றாள், முடியவில்லை. கழுத்து அப்படியே கிடக்க, கண்களை மட்டும் மேலே உருட்டிப் பார்த்தாள். பின்னங்கால்கள் தள்ளாடின. தூக்கியபோது முதுகெலும்பின் கணுக்கள் ஒவ்வொன்றும் விரலில் இடறின. அந்த உடம்பை நான் தினமும் தடவிக்கொண்டுதான் இருந்தேன். ஆனாலும் அன்றுதான் என் விரல்களுக்கு அது உறைத்தது.

மருத்துவர் முதலில் கேட்ட கேள்வி, “எடை பார்த்தீர்களா அம்மா?” என்பதுதான். நோய் கண்டபோது 4.1 கிலோவாக இருந்தவள் 3.3 கிலோவாகியிருந்தாள், உடம்பில் ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது. பொட்டாசியம் 2.8 ஆக இறங்கியிருந்தது. பழுதான சிறுநீரகம் பொட்டாசியத்தைச் சிறுநீரில் இழந்துகொண்டே இருக்கும். உணவு வழியாக அது திரும்பக் கிடைக்காமல் போனால் தசைகள் சோர்ந்து, கழுத்தைத் தாங்கும் வலுவும் போய்விடும். மூன்றாம் நிலைப் பூனைக்கு 5.0க்குள் இருக்க வேண்டிய பாஸ்பரஸ் 7.1 ஆக ஏறியிருந்தது. இரத்த அழுத்தம் 172. அது இன்னும் ஏறியிருந்தால் விழித்திரை பிரிந்து பார்வையே போயிருக்கக்கூடும் என்றார்.

“ஆனால் கிரியேட்டினின் குறைந்திருக்கிறதே டாக்டர்” என்று நான் சொன்னேன். அப்போதும் அந்த எண்ணைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். அவர் கோபப்படாமல் விளக்கினார். கிரியேட்டினின் தசையிலிருந்து உண்டாகும் கழிவு. தசை கரையக் கரைய அது உண்டாவதே குறைந்துவிடும். சிறுநீரகம் மேலும் மோசமானாலும் இரத்தத்தில் எண் இறங்குவதுபோலவே தெரியும். தசையின் அளவால் அவ்வளவாகப் பாதிக்கப்படாத எஸ்டிஎம்ஏ என்ற பரிசோதனையை அன்றே எடுத்தார்: முதல் முறை 27 ஆக இருந்தது 36 ஆகியிருந்தது. நோய் இரண்டாம் நிலைக்குத் திரும்பவில்லை, நான்காம் நிலையின் வாசலில் நின்றுகொண்டிருந்தது. நான் மகிழ்ந்து கொண்டாடிய 2.7, என் பூனை கரைந்துகொண்டிருந்ததன் கணக்கு. கிரியேட்டினின் மட்டும் போதும் என்று ஏன் சொன்னார்கள் என்பதும் அப்போதுதான் விளங்கியது.

பூனையின் ஒரு சிறுநீரகத்தில் இரத்தத்தை வடிகட்டும் நுண்ணிய அலகுகளான நெஃப்ரான்கள் சுமார் 2 லட்சம் இருக்கின்றன. அழிந்த ஒன்றை மீண்டும் முளைக்கவைக்கும் மருந்து எதுவும் இல்லை. எஞ்சியிருப்பவற்றின் சுமையைக் குறைத்து, பசியையும் நீர்ச்சத்தையும் காத்து, நாளைக் கூட்டித் தருவதுதான் சிகிச்சை. இதை முதல் நாளே மருத்துவர் சொன்னார். எனக்குத்தான் அதைவிடப் பெரிதாக ஒன்று கேட்கத் தேவையிருந்தது.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். ‘முழு உத்தரவாதம்’ என்று குப்பியிலேயே எழுதியிருந்தது. 60 நாள்களுக்குள் கோர வேண்டும் என்பது ஒரு நிபந்தனை. 90 நாள் மருந்தையும் முழுமையாகக் கொடுத்து முடித்திருக்க வேண்டும் என்பது இன்னொரு நிபந்தனை. இரண்டையும் ஒருசேர நிறைவேற்ற யாராலும் முடியாது. கனிவாகப் பேசிய ஆலோசகர் அதற்குப் பிறகு பதில் அனுப்பவில்லை. அவர்கள் பக்கத்தில் நான் எழுதிய கருத்து ஒரு மணி நேரத்தில் காணாமல் போனது. மோசமான கருத்து ஒன்றுகூட அங்கே ஏன் இல்லை என்பதற்கு எனக்கு விடை கிடைத்தது.

நீங்கள் ஏற்கெனவே இதுபோன்ற ஒன்றைக் கொடுத்துக்கொண்டிருந்தால், இன்றே செய்யக்கூடியது ஒன்று உண்டு. பூனையைத் தூக்கிக்கொண்டு எடைக்கருவியில் ஏறுங்கள், பிறகு தனியாக ஏறிக் கழித்துப் பாருங்கள். முதுகெலும்பின் இரு பக்கமும் விரலால் அழுத்திச் சதை இருக்கிறதா என்று பாருங்கள். கிரியேட்டினின் இறங்கி, எடையும் இறங்கியிருந்தால், அந்த அறிக்கையை நல்ல சேதியாக எடுத்துக்கொள்ளாமல், குப்பியையும் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். நான் மறைத்ததைச் சொன்னபோது மருத்துவர் என்னைத் திட்டவில்லை. குப்பியை வாங்கிப் படித்துவிட்டு, எத்தனை நாளாக, எத்தனை சொட்டு என்று மட்டும் கேட்டுக் குறித்துக்கொண்டார்.

மல்லி பிழைத்துக்கொண்டாள். பொட்டாசியம், இரத்த அழுத்த மாத்திரை, பசியைத் தூண்டும் மருந்து, பழையபடி பொடி, பழையபடி திரவம் என்று மெல்லத் தேறி, இப்போது 3.6 கிலோ இருக்கிறாள். கழுத்து நிமிர்ந்துவிட்டது. பழைய சிறுநீரக உணவை இன்றுவரை அவள் தொடுவதில்லை, வேறொன்றுக்குப் பழக்கிக்கொண்டிருக்கிறோம்.

சென்ற வாரம் அதே மருந்து வேறு பெயரில், வேறு நிறக் குப்பியில் விற்பனைக்கு வந்திருப்பதைப் பார்த்தேன். விளம்பரத்தில், சன்னலோரத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் ஒரு சாம்பல் நிறப் பூனையின் படம் இருக்கிறது. வலது காதின் நுனியில் சிறு வெட்டு தெரியும். கீழே “முழுமையாகக் குணமானாள்” என்று எழுதியிருக்கிறார்கள். எடுத்துவிடும்படி மூன்று முறை எழுதிவிட்டேன், பதிலில்லை. அது மல்லி. அவள் குணமாகவில்லை. இன்று காலையும் 100 மில்லி ஏற்றினேன்.