“கேப்சூல் கீறல்தான் அண்ணே”: படத்தை மட்டும் பார்த்து புரூஃப் காசு வாங்காதீர்கள்

பினாங்கில் இருந்துகொண்டு ஆன்லைனில் பழைய மலேசியக் காசு விற்கும் ஒருவரிடம் 1976ஆம் ஆண்டு 25 ரிங்கிட் புரூஃப் காசு (சேகரிப்பவர்களுக்காகக் கண்ணாடி போல் மெருகேற்றி அடிப்பது) வாங்கி ஏமாந்தேன். வனவிலங்குப் பாதுகாப்பு வரிசையில் ஹார்ன்பில் பறவை போட்டு வந்ததே, அந்த வெள்ளிக் காசு. ஆள் பெயரைப் போடப் போவதில்லை, விவகாரம் இன்னும் முடியவில்லை. ஆனால் அவர் ஏமாற்றிய விதம் எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

அவர் போட்டிருந்த படத்தில் தளம், அதாவது உருவத்தைச் சுற்றியுள்ள வெற்றிடம், மைக்கறுப்பு, பறவை பால்வெள்ளை. ஓரமாக ஒரு மெல்லிய கோடு தெரிந்தது, கேட்டேன். “அது கேப்சூல் கீறல்தான் அண்ணே, காசு சுத்தமா இருக்கு” என்றார். கேப்சூல் என்பது காசை வைக்கும் தெளிவான பிளாஸ்டிக் டப்பா. வீடியோ கேட்டேன், வெளியூரில் இருக்கிறாராம். ஐந்நூற்றுச் சொச்சம் ரிங்கிட் கட்டினேன், கூரியரில் செந்தூலுக்கு வந்து சேர்ந்தது.

மேசை விளக்கடியில் வைத்து மெதுவாகச் சாய்த்தால், தளம் முழுக்க ஒரே திசையில் ஓடும் மயிரிழைக் கோடுகள். யாரோ துணியால் அழுத்தித் துடைத்திருக்கிறார்கள். ஹார்ன்பில் அலகின் மேலுள்ள கொம்பில் அந்த வெண்மை தேய்ந்து, சின்னதாக ஓரிடம் மின்னுகிறது. விளிம்போரம் பச்சையாகப் பிசுக்கு வேறு, மலிவான மென்பிளாஸ்டிக் உறையில் வருசக்கணக்கில் கிடந்தால் வருவது. பிசுக்கையாவது சுத்தமான அசிட்டோனில் ஊறவைத்து, தேய்க்காமல் எடுத்துவிடலாம். கோடுகள் போகாது. புரூஃப் காசின் விலையே அந்தக் கண்ணாடித் தளத்தில்தான் இருக்கிறது.

அப்படியென்றால் படத்தில் ஏன் ஒன்றுமே தெரியவில்லை? தளம் கண்ணாடி என்பதால், கேமராவுக்கு எதிரே என்ன இருக்கிறதோ அதைத்தான் அது காட்டும். இருட்டாக எதையாவது எதிரே வைத்துவிட்டால் தளம் கறுப்பாக, அம்சமாக விழும். மயிரிழைக் கோடு கண்ணில் பட வேண்டுமென்றால் ஒற்றை விளக்கின் ஒளி ஒரு குறிப்பிட்ட சாய்வில் அதன்மேல் பட்டுத் திரும்ப வேண்டும். நாலு பக்கமும் மென்மையான வெளிச்சம் கொடுத்து எடுத்தாலோ ஸ்கேனரில் வைத்தாலோ அது மறைந்துவிடும். அதனால் படம் எத்தனை தெளிவாக இருந்தாலும் பிரயோசனமில்லை. காசைக் கேப்சூலிலிருந்து வெளியே எடுத்து, விளிம்பில் பிடித்து, ஒரே ஒரு விளக்கின் கீழ் திருப்பித் திருப்பி எடுத்த வீடியோ வேண்டும். அரை நிமிடம் போதும். அதற்கு மனமில்லாத விற்பனையாளர் வேண்டவே வேண்டாம்.

கேப்சூல் கீறல் என்ற கதையையும் ஓரளவு சோதிக்கலாம். பிளாஸ்டிக் மேலுள்ள கீறல் தளம், பறவை என்று பார்க்காமல் இரண்டின் மேலும் ஓடும். காசில் ஃபோகஸ் இருந்தால் அது கொஞ்சம் மங்கலாகத் தெரியும், சாய்த்தால் காசின் மேல் நகரும். காசின் கோடு நகராது, பளபளக்கும் தளத்தில்தான் அதிகம் தெரியும், வெண்மையான இடத்துக்குள் போனதும் பெரும்பாலும் தொலைந்துவிடும்.

போன் போட்டுக் கேட்டபோது, “புரூஃப்னு போட்டேன், புரூஃப்தானே அனுப்பினேன்?” என்றார். கெட்டிக்காரர். புரூஃப் என்பது காசின் தரமல்ல, செய்யும் முறை. மெருகேற்றிய அச்சு, மெருகேற்றிய தகடு, ஒன்றுக்கு மேற்பட்ட தடவை அடிப்பது. எத்தனை கெட்டுப்போனாலும் அது புரூஃப்தான். கொஞ்ச நேரத்தில் பேச்சு மாறியது, நான்தான் துடைத்தேனாம். பொட்டலத்தைப் பிரித்ததை முழுக்க வீடியோ எடுத்திருந்தேன், அனுப்பினேன். அத்தோடு பிளாக். சில நாளில் அதே படம் வேறொரு பெயரில் மறுபடி விற்பனைக்கு வந்தது. பெரிதாக்கிப் பார்த்தால் பறவையின் வாலுக்குக் கீழே ஒரு வெள்ளைப் புள்ளி. என் கையிலிருக்கும் காசில் அப்படி ஒன்றுமே இல்லை. படத்தில் இருந்தது என் காசே அல்ல! விலை மட்டும் முப்பது ரிங்கிட் ஏறியிருந்தது.

பிசிஜிஎஸ், என்ஜிசி என்று காசைத் தரம் பார்த்து, எண் போட்டு உறையிட்டுத் தரும் நிறுவனங்கள் உண்டு, அவர்கள் உறையில் இருப்பதை வாங்கினால் ஆபத்து குறைவு. சான்று எண்ணை அவர்கள் இணையதளத்தில் போட்டால் பல காசுகளுக்கு அவர்களே எடுத்த படம் வரும், ஒப்பிட்டுப் பார்க்கலாம். உறையிலும் போலி உண்டு, அது தனிக் கதை.

பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனு போட 5 ரிங்கிட்தான், 50,000 ரிங்கிட் வரை கோரலாம், வக்கீல் தேவையில்லை. ஆனால் எதிர்த்தரப்பு வியாபாரி என்று காட்ட வேண்டும், முகவரியும் வேண்டும். வாராவாரம் அவர் போடும் விளம்பரங்களை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறேன். முகவரிதான் இடிக்கிறது. பொட்டலத்தில் தொலைபேசி எண் மட்டும், வங்கிக் கணக்கில் வேறு யாரோ ஒரு பெண்மணியின் பெயர். பணம் கட்டுவதற்கு முன் முழுப் பெயரும் முகவரியும் கேட்டு வாங்குங்கள், கணக்குப் பெயர் அதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். மோசடிப் புகார் வந்த கணக்கா என்று காட்டும் போலீசின் ‘செமாக் மியூல்’ இணையதளத்தில் கணக்கு எண்ணையும் ஒருமுறை தட்டிவிடுங்கள். ஆனால் யாரும் புகார் கொடுக்காத கணக்கு அதில் சுத்தமாகத்தான் காட்டும். இவருடையதும் அப்படித்தான் காட்டியது, அதனால் புகார் கொடுத்துவிட்டேன்.