பிராட்பேண்ட் லைனில் வந்து போகும் மின் இரைச்சல்: நீண்ட நாள் கண்காணித்ததில் தெரிந்தவை

செப்புக் கம்பி வழியே வரும் பிராட்பேண்ட் இணைப்பு அடிக்கடி அறுந்துபோனால் பெரும்பாலோர் முதலில் செய்வது வேகச் சோதனை. அதனால் பயன் மிகக் குறைவு என்பதை, ஓராண்டுக்கும் மேலாக என் வீட்டு விடிஎஸ்எல் லைனை (தொலைபேசிக் கம்பி வழியே இணையம் தரும் டிஎஸ்எல் முறையில் வேகமான வகை) கவனித்துவந்தவன் என்ற முறையில் உறுதியாகச் சொல்வேன். வேகச் சோதனை அந்த நொடியின் நிலையை மட்டுமே காட்டும். வந்து போகும் இரைச்சலை, அதாவது கம்பியில் கலக்கும் வேண்டாத மின் அலைகளைப் பிடிக்க மோடத்தின் பிழைக் கணக்கும் கடிகாரமும் சேர்ந்து வேண்டும். கூடவே பேட்டரியில் ஓடும் ஒரு மத்திய அலை வானொலிப் பெட்டி.

பகல் முழுவதும் இணைப்பு ஒழுங்காக இருக்கும். மாலையில் திடீரென்று அறுந்து, ஓரிரு நிமிடங்களில் தானே திரும்ப வரும். வந்த பிறகு வேகம் குறைந்திருக்கும். மறுநாள் காலை மோடத்தை அணைத்துப் போட்டால் பழைய வேகம் கிடைக்கும். சில நாள்களில் எதுவுமே நடக்காது. லைனைப் பார்க்க வந்த பணியாளர்கள் எல்லோரும் காலை வேளையில்தான் வந்தார்கள். கருவியை மாட்டி அளந்துவிட்டு, "லைனில் குறை எதுவும் இல்லை சார்" என்று சொல்லிப் போனார்கள். அந்த நேரத்தில் குறை இல்லைதான்.

ஒருமுறை குறைந்த வேகம் ஏன் குறைந்தே கிடக்கிறது என்பது புரிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீரும். டிஎஸ்எல் மோடம் தன் அலைவரிசையை 4.3125 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் சிறு கூறுகளாகப் பிரித்துக்கொள்கிறது. டிஎஸ்எல்லின் பழைய வகையான ஏடிஎஸ்எல்2+ இணைப்பில் இது ஏறத்தாழ 2.2 மெகாஹெர்ட்ஸ் வரை போகும். விடிஎஸ்எல்2 இணைப்பின் 17ஏ வகையில் 17.6 மெகாஹெர்ட்ஸ் வரை. இணைப்பு ஏற்படும்போது ஒவ்வொரு கூறிலும் உள்ள இரைச்சலை அளந்து, அதில் எத்தனை பிட் ஏற்றலாம் என்று மோடம் முடிவு செய்கிறது, அதிகபட்சம் 15. இரைச்சல் சுமார் 3 டெசிபல் கூடினால் ஒரு பிட்டைக் குறைத்தாக வேண்டும். எதிர்பாராத இரைச்சலுக்கு என்று பொதுவாக 6 டெசிபல் ஒதுக்கி வைக்கிறார்கள். மோடத்தின் பக்கத்தில் 'எஸ்என்ஆர் மார்ஜின்' என்று தெரிவது இதுதான்.

இரைச்சல் இந்த ஒதுக்கீட்டை விழுங்கிவிட்டால் இணைப்பு அறும். இரைச்சல் ஓயும் முன்பே மோடம் மறுபடி இணைந்தால் குறைந்த வேகத்துக்குத்தான் ஒப்புக்கொள்ளும். பிறகு இரைச்சல் போனாலும் வேகம் ஏறாது. மார்ஜின் மட்டும் 10, 12 என்று உயர்ந்து நிற்கும். லைனை நிர்வகிக்கும் தானியங்கி ஏற்பாடு மார்ஜினைக் கூட்டி வைத்திருந்தாலும் இதே தோற்றம் வரும். ஆனால் அந்த நிலை, மோடத்தை அணைத்துப் போட்டவுடன் மாறிவிடாது. என் லைனில் மாறியது.

எனவே மோடத்தின் புள்ளிவிவரப் பக்கத்தை நிமிடத்துக்கு ஒருமுறை படித்துக் கோப்பில் சேர்க்கும் சிறு நிரல் ஒன்றை எழுதி ஓடவிட்டேன். நேரம், இரு திசை மார்ஜின், சிஆர்சி பிழைகள் (கெட்டுப்போய் வந்த தரவுப் பகுதிகளின் எண்ணிக்கை), பிழை நேர்ந்த நொடிகள் ஆகியவை போதும். முதல் சில வாரங்களிலேயே ஒன்று தெளிவானது. எதுவும் நடக்காத நாள்கள் என்று நான் நினைத்த நாள்களிலும் மாலையில் மார்ஜின் சரிந்துதான் இருந்தது. முந்தைய மாலை குறைந்த வேகத்தில் இணைந்த மோடத்தை நான் தொடாமல் விட்ட நாள்கள் அவை. தாங்கும் இடம் மிச்சம் இருந்ததால் இணைப்பு அறவில்லை, அவ்வளவுதான். இரைச்சல் ஒருநாளும் தவறாமல் வந்துகொண்டிருந்தது.

அதைவிடப் பெரிய தடயம் கிடைக்கப் பல மாதங்கள் ஆயின. சரிவு தொடங்கும் நேரம் நிலையாக இல்லை. சூரியன் மறையும் நேரத்தோடு சேர்ந்து நகர்ந்தது. ஒரு வாரக் கணக்கை மட்டும் பார்த்திருந்தால் 'தினமும் இத்தனை மணிக்கு' என்று எழுதி, நேரம் குறித்து வைத்து இயங்கும் கருவிகளையே தேடிக்கொண்டிருந்திருப்பேன். நீண்ட நாள் பதிவின் அருமை இங்கேதான் தெரிகிறது.

அந்தி நேரத்தில் சந்தேகிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று வானொலி நிலையங்கள். இருட்டியதும் அயனி மண்டலத்தின் கீழடுக்கு வலுவிழப்பதால் தொலைதூர மத்திய அலை நிலையங்கள் நன்றாகக் கேட்கும். அந்த அலைகள் தொலைபேசிக் கம்பியிலும் ஏறும். ஆனால் இந்தப் பாதிப்பு மெல்ல மெல்லத்தான் கூடும். கூறுகளின் வரைபடத்தில் ஏறத்தாழ 122ஆம் கூறு முதல் 372ஆம் கூறு வரையுள்ள பகுதியில், ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு சிறு பள்ளமாகத் தெரியும். என் பதிவில் இருந்ததோ ஒரே நிமிடத்தில் விழுந்த செங்குத்தான சரிவு, அதுவும் அகலமாக. இருபது நிமிடங்களுக்குள் தானே ஓய்ந்தும் விடும். ஆக மிஞ்சியது இரண்டாவது: வெளிச்சம் குறைந்ததும் தானாக இயங்கும் ஏதோ ஒரு மின்கருவி.

அது வீட்டுக்குள்ளா, வெளியிலா? மோடத்தைப் பேட்டரியில் ஓடவிட்டு, சரிவு தொடங்கியதும் மெயின் சுவிட்சை அணைத்தேன். மார்ஜின் உடனே ஏறியது. இந்தச் சோதனைக்கு யுபிஎஸ் வேண்டாம் என்பேன். அதற்குள் இருக்கும் மின்மாற்று அமைப்பே இரைச்சல் கிளப்பக்கூடியது.

அடுத்தது வானொலி. மத்திய அலைவரிசை டிஎஸ்எல் பயன்படுத்தும் பரப்புக்குள்ளேயே அடங்குவதால், மோடம் படும் பாட்டை நம் காதாலேயே கேட்கலாம். 600 கிலோஹெர்ட்ஸ் அருகே நிலையம் இல்லாத இடத்தில் முள்ளை நிறுத்தி, பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். அடாப்டர், எல்இடி விளக்கு போன்றவற்றின் இரைச்சல் சீறலாக இருக்காது. 'ர்ர்ர்' என்ற கரகரப்பாக இருக்கும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அது நொடிக்கு 100 துடிப்பு. பெட்டிக்குள் ஆன்டெனாவாக இருக்கும் ஃபெரைட் தண்டின் முனை இரைச்சலின் மூலத்தை நோக்கித் திரும்பும்போது ஒலி அடங்கிப்போகும். பெட்டியை மெதுவாகத் திருப்பி, ஒலி அடங்கும் திசையைக் குறித்துக்கொண்டு, வேறோர் இடத்திலிருந்தும் அதையே செய்தால் இரண்டு கோடுகளும் சந்திக்கும் இடம் ஓரளவு தெரியும். ஒன்றை மட்டும் மனத்தில் கொள்ள வேண்டும்: சுவருக்குள் ஓடும் மின்கம்பி முழுவதுமே இரைச்சலைப் பரப்புவதால், அதன் அருகில் போனால் திசை குழம்பும்.

கோடுகள் சந்தித்தது மாடிப்படி விளக்கில். வெளிச்ச உணரியால் அந்தியில் தானே எரியும் எல்இடி விளக்கு அது. எரியத் தொடங்கியதும் கரகரப்பு உச்சத்தில் இருந்தது. சூடேறச் சூடேற இறங்கி மறைந்தது. உள்ளே மின்தேக்கிகள் உலர்ந்துபோன பழைய டிரைவர்கள் (எல்இடிக்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றித் தரும் சிறு பெட்டிகள்) இப்படித்தான் நடந்துகொள்ளும். விளக்கை அதன் டிரைவரோடு மாற்றினேன். அந்திச் சரிவு அன்றோடு நின்றது. அடுத்து வந்த மாதங்களிலும் பதிவில் அது தலைகாட்டவில்லை.

வழியில் முயன்ற மற்றவற்றையும் சொல்லிவிடுகிறேன். சுவரிலிருந்து மோடத்துக்கு வந்த தட்டையான கம்பியை எடுத்துவிட்டு முறுக்கிய ஜோடிக் கம்பியைப் போட்டதும், அதை மின்கம்பிகளிலிருந்து விலக்கி ஓட்டியதும் நல்ல பலன் தந்தன. யாரும் பயன்படுத்தாமல் சுவரோடு கிடந்த பழைய இணைத் தொலைபேசிக் கம்பியைக் கழற்றியது அதைவிட நல்ல பலன் தந்தது. முனை திறந்த அந்தக் கிளை இரைச்சலை வாங்கும் ஆன்டெனாவாகவும் இருந்தது, சிக்னலைத் திருப்பியடித்துக் கெடுக்கவும் செய்தது. அடாப்டர் கம்பியில் மாட்டும் ஃபெரைட் வளையத்தில் கம்பியைச் சும்மா நுழைத்தால் பெரிய பலன் இல்லை. மூன்று சுற்று சுற்றினால் தடுக்கும் திறன் ஒன்பது மடங்கை நெருங்கும். தொலைபேசித் துளையுள்ள மின்னல் தடுப்புப் பலகை வழியாக லைனைக் கொண்டுபோவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். என் லைனில் மார்ஜினைக் குறைத்தது. ஃபைபருக்கு மாற முடிந்தவர்கள் மாறிவிடலாம். கண்ணாடி இழையில் ஓடும் ஒளியை மின் இரைச்சல் தொடுவதில்லை.

இப்போது என் பதிவில் மிஞ்சியிருப்பது ஃபிரிட்ஜ் நின்று ஓடும்போது விழும் ஒற்றைத் துடிப்புகள். கெட்டுப்போன பகுதியை மட்டும் மறுபடி கேட்டு வாங்கும் ஜி.998.4 முறை என் லைனில் இயங்குவதால், மறுஅனுப்பல் கணக்கு கூடுகிறது, சிஆர்சி கணக்கு அசைவதில்லை. அந்த எண் அசையாத வரை ஃபிரிட்ஜை நான் தொடப்போவதில்லை.