செக்வனா, வெனோனாவா: மஸ்கோகா ஏரியில் படகுக் கழகத்துக்கு ஏற்ற கப்பல் எது?

ஒன்ராறியோவில் ஒரு படகுக் கழகம் தன் உறுப்பினர்களைக் கோடையில் ஏரிப் பயணத்துக்கு அழைத்துப்போக நினைத்தால், பேச்சு பெரும்பாலும் கிரேவன்ஹர்ஸ்டில்தான் வந்து நிற்கும். ரொறன்ரோவிலிருந்து வடக்கே காரில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். மஸ்கோகா ஏரியின் தென்கோடியில் இருக்கும் அந்தத் துறையில் செக்வன், வெனோனா 2 என்று இரண்டு பயணிகள் கப்பல்கள் நிற்கின்றன. அடுக்குத் தளங்கள், நீளமான கம்பி வேலிகள், நடுவே உயர்ந்த புகைபோக்கி என்று தூரத்துப் பார்வைக்கு இரண்டும் அக்கா தங்கைதான். வயது வித்தியாசம் மட்டும் 115 ஆண்டுகள்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தானே துடுப்புப் போட்டும் சுக்கான் பிடித்தும் பழகியவர்கள் நிறைந்த கழகம் என்றால் செக்வன். குடும்பம் முழுவதையும் கூட்டிக்கொண்டு வரும் கழகம் என்றால் யோசிக்க வேண்டும்.

செக்வன் 1887இல் நிப்பிஸிங் என்ற பெயரில், இரு பக்கமும் சக்கரம் சுழலும் கப்பலாக நீரில் இறங்கியது. 1925இல் சக்கரங்களை எடுத்துவிட்டு, அதே இரும்பு உடலில் புரொப்பெல்லர்களைப் பொருத்தி, செக்வன் என்று புதுப்பெயர் வைத்தார்கள். சாலைகளும் கார்களும் பெருகப் பெருகக் கப்பலில் ஏற ஆள் குறைந்தது. 1958இல் ஓட்டம் நின்றுபோய், பிறகு கரையோரம் கட்டிக் கிடக்கும் அருங்காட்சியகமானது. பழைய இரும்பென்று உடைத்து விற்றுவிடாமல், அதை மறுபடி ஓட வைத்தே தீருவது என்று நின்றவர்களை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே கை கூப்பத் தோன்றுகிறது. 1974இல் அதை மறுபடி நீரில் இறக்கிய விழாவுக்கு அன்றைய கனடியப் பிரதமர் பியர் ட்ரூடோ வந்தார். 1981இல் செக்வன் மீண்டும் பயணிகளை ஏற்றியது. அன்று முதல் இன்று வரை எரிபொருள் நிலக்கரிதான். ஆள் நின்று வாரிப் போட வேண்டும்.

படகோட்டிகளுக்கு இங்கேதான் விருந்து. நீராவி எஞ்சினுக்கு டீசலின் உறுமல் கிடையாது. பிஸ்டன் ஏறி இறங்கும் நிதானமான தாளமும், எண்ணெயும் சூடும் கலந்த வாசமும் கீழிருந்து வரும். அதற்கு மேல், முகப்பு கிழித்துப்போகும் தண்ணீரின் சத்தம் காதில் விழும். கனோவில் போய்ப் பழகியவருக்கு அந்தச் சத்தத்தின் அருமை தெரியும்.

அதைவிடவும் முக்கியமானது கப்பலைச் செலுத்தும் முறை. மேலே சுக்கான் அறையில் நிற்கும் கப்டனின் கை எஞ்சினைத் தொடுவதில்லை. 'மெதுவாக முன்னே', 'நிறுத்து', 'பின்னே' என்று எழுதிய வட்டத் தட்டில் கட்டளை முள்ளைத் திருப்புகிறார். கீழே மணி அடிக்கிறது. எஞ்சினியர் தன் பக்கத்து முள்ளை அதே இடத்துக்குத் திருப்பி, கேட்டுக்கொண்டேன் என்று பதில் தந்துவிட்டுத்தான் நீராவி வால்வில் கை வைக்கிறார். கட்டளைக்கும் கப்பல் அசைவதற்கும் இடையே சில கணங்கள் போய்விடும். காற்று பக்கவாட்டில் தள்ளும் நாளில், அந்தக் கணங்களையும் கணக்கில் வைத்து, பத்து மாடிக் கட்டடம் படுத்துக்கிடப்பதைப் போன்ற நீளமுள்ள கப்பலைத் துறையோடு அணைப்பது பெரிய வித்தை. வெளிமோட்டார் பொருத்திய சிறு படகைக் கரை சேர்க்கவே திணறிய எவருக்கும் அதைப் பார்க்கும்போது மூச்சு நிற்கும்.

வெனோனா 2இல் இது கிடைக்காது. 2002இல் கட்டிய டீசல் கப்பல் அது. பழைய நீராவிக் கப்பலின் சாயலில் அமைத்தார்கள். அதைப் போலி என்று ஒதுக்குவோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. 1866இல் ஏ. பி. கொக்பர்ன் என்பவர் இந்த ஏரியில் முதன்முதலாக விட்ட நீராவிக் கப்பலின் பெயர் வெனோனா. சரியான சாலை இல்லாத காலத்தில் குடியேறிகளையும் தபாலையும் சரக்கையும் கொண்டுபோய்ச் சேர்த்த தொழில் அதிலிருந்துதான் தொடங்குகிறது. 1875இல் ரயில் கிரேவன்ஹர்ஸ்டை எட்டியதும் கோடைப் பயணிகளும் பின்னால் வந்தார்கள். அந்தப் பெயரைப் புதுக் கப்பலுக்கு வைத்ததில் மரியாதை இருக்கிறது.

வசதி என்று வந்தால் வெனோனாவோடு செக்வன் போட்டி போட முடியாது. வெனோனாவில் மின்தூக்கி உண்டு. சக்கர நாற்காலியில் வரும் அம்மம்மாவும் மேல்தளத்துக்குப் போய்க் காற்று வாங்கலாம். செக்வனில் படிகள்தான், அவையும் செங்குத்தானவை. முழங்கால் வலி உள்ளவர்களை அதில் ஏறச் சொல்வது கொடுமை. வெனோனா இருநூறு பேர் வரை ஏற்றும். செக்வன் அதில் ஏறக்குறையப் பாதி. இலைகள் சிவக்கும் ஒக்டோபர் தொடக்கத்தில் ஏரிக் காற்று எலும்பைத் தொடும். அந்த நாட்களில் சூடேற்றிய அறையிலிருந்து கண்ணாடி வழியே கரையைப் பார்ப்பதில் குறையேதும் இல்லை. இரவு விருந்தோடு கூடிய பயணத்துக்கும் வெனோனாவையே சொல்வேன்.

வழியில் தெரியும் காட்சிகளில் பெரிய வேறுபாடு கிடையாது. பைன் மரத் தீவுகள், பாறைக் கரைகள், பியூமரிஸ் பக்கத்துப் பணக்காரர்களின் மாளிகைகள், வீடுகளைவிட அழகான படகுக் கொட்டகைகள் என்று இரண்டிலிருந்தும் பார்ப்பது ஒரே ஏரியைத்தான். பணமும் ஒரே இடத்துக்குத்தான் போகிறது. இரண்டையும் நடத்துவது இலாப நோக்கற்ற ஒரே அமைப்பு. ஆகவே வெனோனாவில் ஏறினால் செக்வனுக்குத் துரோகம் என்று யாரும் மனம் வருந்த வேண்டியதில்லை.

இரண்டு மனதாக இருக்கும் கழகங்களுக்கு என் யோசனை இது. முதியவர்களும் கைக்குழந்தைகளும் வருகிறார்கள் என்றால் வெனோனாவில் இடம் எடுங்கள். புறப்படும் முன் துறையை ஒட்டிய அருங்காட்சியகத்தில், தண்ணீரிலேயே கட்டி வைத்திருக்கும் பழைய மரப் படகுகளைப் பார்க்க ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள். மஸ்கோகாவின் படகுத் தச்சர்கள் வார்னிஷ் பூசிய பலகையில் செய்து காட்டிய வேலை அங்கே இருக்கிறது.

படகே உயிர் என்பவர்கள் மட்டும் வருகிறார்கள் என்றால் செக்வனுக்கு ஜூலை அல்லது ஓகஸ்ட் பகல் பயணத்தைப் பதிவு செய்யுங்கள். இடம் குறைவு என்பதால் குழுப் பதிவை முன்கூட்டியே முடித்துவிடுவது நல்லது. வெள்ளை உடுப்பு வேண்டாம், புகைக்கரி படும். ஏறியவுடன் எல்லோரும் மேல்தளத்துக்கு ஓடுவார்கள். நீங்கள் எஞ்சின் தெரியும் இடம் எதுவென்று பணியாளரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்து கரை கட்டும் நேரத்தில் உங்களில் பாதிப்பேர் அங்கேயும் மீதிப்பேர் முகப்பிலும் நின்றால், மணி அடித்ததும் எஞ்சினியர் என்ன செய்தார், அதற்குக் கப்பல் எப்படி அசைந்தது என்று இறங்கிய பிறகு ஒருவருக்கொருவர் சொல்லிப் பொருத்திப் பார்க்கலாம்.