குவா ஷா கல்: 14 மாதம் தேய்த்த பிறகு

சித்தி மகள் நேற்று போன் செய்தாள். "அக்கா, நீ வெச்சிருக்கிற அந்தக் கல்லு இப்ப பாதி விலைக்கு வந்திருக்கு, வாங்கட்டுமா?" அவள் கேட்டது குவா ஷா கல்லை; முகத்தில் எண்ணெய் தடவி, அதன் மேல் இழுத்துத் தேய்க்கும் தட்டையான கல் அது. சட்டென்று பதில் வரவில்லை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். தூக்கத்தில் பல்லைக் கடிக்கும் பழக்கம் எனக்கு உண்டு. காலையில் தாடை இறுகிப்போய், கொட்டாவி விட்டால்கூட வலிக்கும். காதுக்கு முன்னால் கெட்டியாக நிற்கும் தசையில் இரண்டு சொட்டு எண்ணெய் தடவி, கல்லைப் படுக்கவைத்து மெதுவாக இழுத்தால் ஐந்து நிமிடத்தில் இளகிவிடும். அதற்காகவே இதைப் பலருக்குச் சிபாரிசு செய்திருக்கிறேன். முக வீக்கம் வடியும், ஆனால் மத்தியானத்துக்குள் பழையபடி ஆகிவிடும். முகம் ஒல்லியாகும் என்பதெல்லாம் நடக்கவில்லை.

என் கோபம் முழுக்க அந்தப் பெட்டிக்குள் இருந்த தாள் மேல்தான். 'சிவக்கும் வரை அழுத்தித் தேய்க்கவும்' என்று போட்டிருந்தது. சீன மொழியில் குவா என்றால் சுரண்டுவது, ஷா என்றால் மணல்போல் எழும் தடிப்பு. முதுகில் சுரண்டும்போது மணல் தூவினாற்போல் சிவப்புப் புள்ளிகள் எழும். தோலுக்கடியில் நுண்ணிய ரத்தக் குழாய்கள் உடைந்து கசிவதுதான் அது. முதுகு வைத்தியத்தில் வேண்டுமென்றே அதை வரவழைப்பார்கள். முகத்தில் அது வரவே கூடாது. இந்த ஒரு வித்தியாசத்தை எழுத அந்தத் தாளில் இடமா இல்லை?

நான்காவது மாதம், வீட்டில் ஒரு கல்யாணம். பத்து நாள் விடாமல் கன்ன எலும்பு மேல் அழுத்தி இழுத்தேன். தொட்டால் வலித்தது, ஆனால் நம் நிறத்தில் சிவப்பு லேசில் தெரிவதில்லை. அதனால் நிறுத்தவில்லை. அப்புறம் இரண்டு கன்னத்திலும் மங்கு போலப் பழுப்புத் திட்டு. தோல் மருத்துவர் பார்த்ததும் ஆஸ்பிரின் சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்களுக்கு லேசான அழுத்தத்திலேயே கன்றிப்போகுமாம். எனக்கு அது இல்லை, வெறும் உராய்வுதான். உராய்ந்து புண்பட்ட தோல் நிறமியைக் கூடுதலாகச் சுரந்துவிடுகிறது. வெயிலில் போகும்போதெல்லாம் சன்ஸ்கிரீன் போட்டும் அது மங்க ஏழு மாதம் ஆனது.

கழுத்தைப் பற்றியும் அவர் எச்சரித்தார். தாடைக்குக் கீழே நாடி துடிக்கும் இடத்தில், ரத்த அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் உள்ளன. அங்கே பலமாக அழுத்தினால் இதயத் துடிப்பு குறைந்து மயக்கம் வரலாம். என் தாளில் கழுத்துக்கும் அம்புக்குறி போட்டிருந்தார்கள்!

ஆக, அவளிடம் "வேண்டாம்டி" என்றேன். "நீ மட்டும் தினமும் தேய்க்கிறியே?" என்றாள். உண்மைதான், இன்று காலையிலும் தாடைக்குத் தேய்த்தேன். ஆனால் அவள் முகம் முழுக்க இப்போது பரு. அதன் மேல் கல்லை இழுத்தால் உடைந்து வடுவாகும். தாடை வலித்தால் விரல் நுனியால் மெல்ல அழுத்திக்கொள், கல்லுக்குச் செலவழிக்காதே என்று சொல்லி வைத்தேன்.