1,100 ரூபாய் ஹீட்டர், உள்ளே என்னதான் இருக்கிறது?

ஊட்டி டிசம்பர் குளிர் தாங்காமல் 2000 வாட் ஃபேன் ஹீட்டர் ஒன்று வாங்கினேன், விலை 1,100 ரூபாய்தான். இவ்வளவு மலிவாக எப்படித் தருகிறார்கள் என்று அரித்துக்கொண்டே இருந்ததால், வாரண்டி போனால் போகட்டும் என்று திருப்புளியை எடுத்துவிட்டேன். உள்ளே பாதி வெற்றிடம். சூடு தாங்கும் மைக்கா தகட்டில் சுற்றிய, கரண்ட் பாய்ந்தால் சூடேறும் நிக்ரோம் கம்பிச்சுருள், பின்னால் ஒரு சின்ன மோட்டார், பிளாஸ்டிக் விசிறி, சூடு ஏறினால் வளைந்து மின்சாரத்தைத் துண்டிக்கும் இரட்டை உலோகப் பட்டை, சூடு எல்லை மீறினால் ஒரேயடியாக அறுந்துபோகும் ஒரு தெர்மல் ஃபியூஸ், அவ்வளவுதான். சர்க்யூட் போர்டு கிடையாது. ஒரே அச்சில் வார்த்த கூட்டின்மேல் ஆளுக்கொரு பெயரை ஒட்டி விற்றால் விலை குறையாமல் என்ன செய்யும்!

சூட்டில் குறையே இல்லை. எத்தனை ஆயிரம் கொடுத்து வாங்கினாலும் 2000 வாட் ஹீட்டர் தரும் வெப்பம் இதேதான், மணிக்கு 2 யூனிட் இழுப்பதும் இதேதான், ஆகையால் 'கரண்ட் மிச்சம்' என்று பெட்டியில் போட்டிருந்தால் நம்பாதீர்கள். காசை மிச்சம் பிடித்தது வயரில். அரைமணி நேரத்தில் கையில் சுடுகிறது. கிட்டத்தட்ட 9 ஆம்பியர் ஓடுமே, அதை 6 ஆம்பியர் எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகியது என் முட்டாள்தனம், பெட்டி உருகி ஒரு வாரம் வீடெல்லாம் நாற்றம். 16 ஆம்பியர் பிளக்கில் மட்டும் போடுங்கள். ஐஎஸ்ஐ முத்திரை இல்லாததைத் தொடவே வேண்டாம். அப்புறம் அந்த விசிறிச் சத்தம், காதுக்குள் வண்டு புகுந்த மாதிரி.